மிளகாய் இறங்கும் நிறுத்தம்

கலினோவாட்ஸ் கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு விதோசாவா காத்திருந்தாள். விடிவதற்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. மொராவா ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி, முட்டைக்கோசு வயல்களைக் கடந்து சாலைவரை வந்து நின்றிருந்தது. அவளுடைய இடது காலணி மட்டும் நனைந்து, குதிகாலில் ஈரம் ஏறியிருந்தது.

அது அவள் கணவன் மியோத்ராக்கின் கைவேலை. புதிய வேலைக்கு முதல்நாள் புறப்படுகிறவரின் பின்னால் ஒரு குவளை நீரை ஊற்ற வேண்டும். ஊற்றினால்தான் வேலை நீரோட்டம்போலத் தங்குதடையின்றி நடக்கும். லெஸ்கோவாட்ஸ் நகரைச் சுற்றிய வட்டாரத்தில் இதைச் செய்யாத வீடு கிடையாது. மரக்கிடங்கில் முதுகு முறிந்ததிலிருந்து குனிய முடியாத மியோத்ராக், நின்ற வாக்கிலேயே குவளையை வீசினான். நீர் படியில் விழாமல் அவள் காலில் விழுந்தது.

"படியில ஊத்துங்கன்னா என் கால்ல ஊத்துறீங்களே!"

"கால்லயும் கொஞ்சம் விழட்டும். ஓட வேண்டியது படியா, நீயா?"

இருவருமே சிரித்தார்கள். இரவு முழுவதும் கடிகாரத்தைப் பார்த்தபடி விழித்துக் கிடந்த இருவருக்கும் அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது.

துணிப்பைக்குள் ஒரு நீல மேலங்கியும் ஒரு சோடி வெள்ளைக் காலணியும் இருந்தன; மேற்சட்டைப் பையில் ஆலையின் நுழைவு அட்டை. நகரத்தின் மறுகோடியில், கார்களுக்கு மின்கம்பிக் கட்டுகள் செய்யும் அயல்நாட்டார் ஆலையில், அந்த வெள்ளைக் காலணி இல்லாமல் யாரும் வேலைக்கூடத்துக்குள் நுழைய முடியாது. அதை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே கொண்டுபோனபின் ஆலையைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாது. வீதித் தூசு ஒட்டினால் கம்பிகள் கெட்டுவிடுமாம். வேலைக்கு ஆள் எடுத்த பெண் புன்னகை மாறாமல் இதைச் சொன்னாள். புன்னகை மாறாமலே அடுத்ததையும் சொன்னாள்.

"ஒரு மாசம் சோதனைக் காலம். காலையில ஆறு மணிக்குக் கதவு தானாவே பூட்டிக்கும். சோதனைக் காலத்துல ஒரு தடவை வெளியில நின்னுட்டீங்கன்னா அவ்வளவுதான், அப்புறம் வர வேண்டியதில்ல."

இதற்குமுன் விதோசாவா பதினோரு ஆண்டுகள் குடைமிளகாய் ஆலையில் இருந்தாள். மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, புட்டியில் அடைக்கும் வேலை. முந்தைய ஆண்டுகளில் மிளகாய்ப் பருவம் முடிந்தபின் ஊறுகாய் போட்டுக் குளிர்காலத்தைக் கடத்திவிடுவார்கள். இந்த ஆண்டு, கடைசிச் சுமை வண்டி போனதும் முதலாளி பெண்களை முற்றத்தில் நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு புட்டி மிளகாய்த் துவையலைக் கையில் கொடுத்து, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அந்தப் புட்டி இன்னும் திறக்கப்படாமல் அவள் வீட்டு அலமாரியில் இருந்தது.

மூடுபனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தோன்றின. பேருந்து முனகிக்கொண்டே வந்து நின்றது. கதவு திறந்ததும் உள்ளே கூச்சல் எழுந்தது.

"மிளகாய் வந்தாச்சு!"

"ஏ மிளகாய்! உயிரோடதான் இருக்கியா?"

"நான் சொன்னேன்ல, வருவான்னு. ரயிலடி, நீதான் அவ இத்தாலிக்கு ஓடிப்போயிட்டான்னு சொன்ன."

அந்த விடியற்காலைப் பேருந்தில் ஒருவருக்கும் மற்றவருடைய பெயர் தெரியாது. ஏறும் ஊர்களும் தெளிவாகத் தெரியாது. இருட்டில் ஏறி, ஏறிய உடனே கண்ணயர்ந்து விடுகிறவர்கள் அவர்கள். தெரிந்ததெல்லாம் இறங்கும் இடம் மட்டுமே. விழித்திருப்பவர் உறங்குகிறவரை அவருடைய நிறுத்தத்தில் எழுப்பிவிட வேண்டும் என்பது எவரும் எழுதிவைக்காத ஏற்பாடு. ஆகவே, இறங்கும் இடமே பெயராயிற்று. மருத்துவமனைக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் பருத்த மீசைக்காரர் 'ஆஸ்பத்திரி'. அடுமனையில் பலகை பலகையாக ரொட்டி அடுக்கும், பாதம் வீங்கிய பெண் 'ரொட்டி'. ரயில் நிலையத்தைப் பெருக்குகிற ஒல்லியான கிழவர் 'ரயிலடி'. பதினோரு ஆண்டுகளாக விதோசாவா 'மிளகாய்'. ஓட்டுநரை மட்டும் எல்லாரும் 'மாஸ்டர்' என்று அழைத்தார்கள்.

பேருந்தின் வெப்பக்குழாய் ஒரே ஓர் இருக்கையின் அடியில்தான் வேலை செய்தது. ஆலையின் ஈரத்தரையில் நாள் முழுவதும் நின்று விதோசாவாவின் முழங்கால் பிடித்துக்கொண்ட ஆண்டிலிருந்து, அந்த இருக்கை அவளுடையது. அவள் வராத இந்த இரண்டு வாரங்களிலும் ரொட்டி அதன்மேல் தன் பையை வைத்து இடத்தைக் காத்துவந்தாள்.

"புதுசா ஏறுன ஒருத்தன் உக்காரப் பாத்தான்," என்றாள் ரொட்டி, பையை எடுத்து இடம்விட்டபடி. "இங்க ஆள் இருக்குன்னேன். எங்க இருக்குன்னான். வரும்னேன். காய்ச்சலா?"

விதோசாவா தலையை அசைத்தாள். அந்த அசைவுக்கு ஆம் என்றும் பொருள்கொள்ளலாம்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இந்தா, நேத்து அடுப்புல மிஞ்சினது. சூடா இல்ல, ஆனா வால்நட் போட்டது."

ஆஸ்பத்திரி எதிர் இருக்கையிலிருந்து தன் கம்பளித் துண்டைக் கழற்றி அவள் முழங்கால்மேல் போட்டார். "நிலக்கரி வாசம் அடிக்கும். பொறுத்துக்கம்மா."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். மிளகாய் ஆலை என்னை விலக்கிவிட்டது. இன்று வேறிடத்துக்குப் போகிறேன். கடைசி நிறுத்தம்வரை வருவேன். ஆனால் வேலை போயிற்று என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கிடைத்த வேலையைப் பற்றி அது கைக்குள் நிற்பதற்குமுன் பேசினால் கண்பட்டுவிடுமோ என்று அச்சமாகவும் இருந்தது. ரொட்டித்துண்டை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று எண்ணினாள். குழாயின் வெப்பம் காலிலிருந்து மேலே ஏறியது. நனைந்த காலணியிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. பாதி ரொட்டி கையில் இருக்கும்போதே அவள் உறங்கிப்போனாள்.

"மிளகாய்! ஏ மிளகாய், எந்திரி! உன் இடம் வந்தாச்சு."

அவள் கண் திறப்பதற்குமுன் வேலை பாதி முடிந்திருந்தது. இரண்டு வாரக் காய்ச்சல்காரி என்பதால் அன்று எல்லாரும் வழக்கத்தைவிட அக்கறையாக இருந்தார்கள். ரொட்டி அவளுடைய தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள். யாரோ கையுறையை மாட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரி தோளைத் தாங்கிப் படிவரை நடத்திக் கூட்டிவந்தார். "அவசரமில்ல, அவசரமில்ல, மாஸ்டர் நிப்பாட்டித்தான் வச்சிருக்காரு," என்று ரயிலடி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். பதினோரு ஆண்டுகளாக அந்தப் படியில் இறங்கிப் பழகிய கால்கள் தாமாகவே இறங்கின.

"உடம்பப் பாத்துக்க!"

கதவு மூடியது. பேருந்து புகையைக் கக்கிவிட்டு மூடுபனிக்குள் நுழைந்தது.

விதோசாவா மிளகாய் ஆலையின் முன்னால் நின்றாள். வாசல் விளக்கு வழக்கம்போல் எரிந்தது. அதன் கீழே இரும்புக் கதவைச் சுற்றிச் சங்கிலியும் பூட்டும் தொங்கின. காவல் நாய் கம்பிக்குப் பின்னாலிருந்து அவளை அடையாளம் கண்டு வாலை ஆட்டியது. நாயின் வால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அப்போதுதான் விழிப்பு முழுமையாக வந்தது.

"ஐயோ!"

அவள் சாலைக்கு ஓடினாள். பேருந்தின் சிவப்பு விளக்குகள்கூடத் தெரியவில்லை. கம்பி ஆலை நகரத்தின் எதிர்முனையில், புறவழிச் சாலைக்கு அப்பால் இருந்தது. நடந்து போய்ச் சேர்வதற்குள் இரண்டுமுறை பூட்டித் திறந்திருப்பார்கள். வாடகைக் கார் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அவள் ஓடினாள். நனைந்த காலணி உறைபனியில் வழுக்கியது. தலைத்துண்டு கழன்றுவிடாமல் இருந்தது. ரொட்டி அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தாள்.

"நல்லவங்களாம் நல்லவங்க!" என்று அவள் மூச்சிரைக்க வைதாள். "கைய புடிச்சு இறக்கி விடுறாங்களாம்! யாரு கேட்டா உங்கள? ஒரு நாளாவது ஒருத்தனாவது மறந்து தொலைச்சா என்ன?"

பிறகு, தான் வாய்திறந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்பதும் நினைவுக்கு வந்தது. அதற்காகத் தன்னையும் சேர்த்து வைதாள். அடுத்த அடியில் கை தானாக மார்பைத் தடவியது. பை அங்கே இல்லை. மேலங்கி, வெள்ளைக் காலணி, எல்லாம் அந்த வெப்பமான இருக்கையிலேயே தங்கிவிட்டன. இனி பறந்து போனாலும் உள்ளே விடமாட்டார்கள்.

அவள் நின்றுவிட்டாள். சாலையோரத்து மைல்கல்லின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். மியோத்ராக் இந்நேரம் அடுப்பின் அருகே அமர்ந்து, அவள் கதவைத் தாண்டியிருப்பாளா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மாலையில் அவனிடம் என்ன சொல்வது என்று யோசிக்க முயன்றாள்.

அப்போது, நகரத்தின் பக்கமிருந்து, வரக்கூடாத திசையில், இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்தன. ஒலிப்பான் விட்டுவிட்டு அலறியது. விளக்குகளுக்கு மேலே, ஓட்டுநரின் சன்னலிலிருந்து ஒரு கை, ஒரு வெள்ளைக் காலணியைக் கொடிபோல உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

பேருந்து அவளைக் கடந்து, மிளகாய் ஆலையின் முன்வாசலில் திரும்பி, நாய் குரைக்கக் குரைக்க மீண்டும் வந்து நின்றது. கதவு முழுதாகத் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி படியில் நின்றபடி இரண்டு கைகளையும் நீட்டி, அவளை ஒரு நிலக்கரி மூட்டையைப்போல் உள்ளே தூக்கிப் போட்டார்.

"எங்க? எந்த எடம்? மொதல்ல எடத்தச் சொல்லு!" என்று மாஸ்டர் கத்தினார்.

"கம்பி ஆலை. ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க. மொத நாளு."

"மொத நாளா!" பேருந்து முழுவதும் ஒரே குரலாக அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னது.

"அடி பாவி, மொத நாள வாயில வச்சுக்கிட்டா ரொட்டி தின்ன?" என்றாள் ரொட்டி. அவள் மடியில் துணிப்பை திறந்து கிடந்தது. "இருக்கையில பை கெடந்துச்சு. மதிய சாப்பாடோன்னு தொறந்து பாத்தா பளபளன்னு வெள்ளை ஷூ. மிளகாய் ஆலைக்கு ரப்பர் பூட்ஸ்தானே போடுவா, இதப் போட்டுக்கிட்டு மிளகாய் அரைச்சா அரை நாள்ல செவந்து போயிருமேன்னேன். இவருதான் மேலங்கியில ஏதோ வெளிநாட்டு ஆலைப் பேரு இருந்ததப் படிச்சாரு."

"படிச்சதும் வண்டிய நிறுத்தச் சொல்லிக் கத்திட்டேன்," என்றார் ஆஸ்பத்திரி. "நானே இல்ல தோளப் புடிச்சு இறக்கி விட்டேன்! மரியாதையா வேற."

"மாஸ்டர் வண்டிய ஓரமா நிறுத்திட்டு, திரும்பணும்னா எல்லாருக்கும் நேரமாகும், அவசரமா போறவங்க இங்கயே இறங்கிக்கலாம்னு சொன்னாரு," என்று ரொட்டி தொடர்ந்தாள். "ஒருத்தரும் அசையல. இந்தக் கெழவன் மட்டும் எந்திரிச்சான்."

"சன்னலச் சாத்த எந்திரிச்சேன்டி! குளிருது! அதுக்குள்ள எல்லாரும் என்னைக் கொலைகாரனப் பாக்குற மாதிரி பாத்தீங்க!"

"கொலைகாரன்னாலும் கொஞ்சம் மரியாதை இருக்கும்."

பேருந்து முழுவதும் சிரிப்பு வெடித்தது. அந்த நேரத்தில் அந்தப் பேருந்தில் இதற்குமுன் எவரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு விழித்து, "என் எடம் வந்துருச்சா?" என்று கேட்க, "உன் எடம் போயே போச்சு, தூங்கு," என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள்.

மாஸ்டர் நகரத்துக்குள் நுழையவில்லை. அடுமனை, ரயில் நிலையம், மருத்துவமனை ஆகிய மூன்றையும் இடப்பக்கம் விட்டுவிட்டுப் புறவழிச் சாலையில் ஏறினார். தொலைவில் அடுமனையின் புகைபோக்கி தெரிந்தபோது ரொட்டி அதைப் பார்த்துக் கையசைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு நேரமாகுமே," என்றாள் விதோசாவா.

"ஆகட்டும். இன்னைக்கு மாவு இன்னும் கொஞ்சம் உப்பட்டும்."

"அண்ணே, ஆஸ்பத்திரியில குளிருமே…"

"பெரிய டாக்டருக்குக் கொஞ்சம் குளிரட்டும். நோயாளிங்களுக்கு நேத்தே நெறைய போட்டு வச்சிருக்கேன்."

ரொட்டி குனிந்து விதோசாவாவின் நனைந்த காலணியைத் தொட்டுப் பார்த்தாள். "இது என்ன, ஒரு கால் மட்டும் ஈரம்?"

"வீட்டுக்காரர் தண்ணி ஊத்துனாரு. குறி தப்பிருச்சு."

"அப்ப சரியா ஊத்தல!" என்று ரயிலடி எழுந்தே நின்றுவிட்டார். "காலு நனைஞ்சா கணக்குல வராது. தடத்துல விழணும். அதான் நடுவழியில எறங்கிட்டா. இப்ப என்ன பண்றது?"

இருக்கைகளுக்கு அடியில் பைகள் திறக்கும் ஒலி ஒவ்வொன்றாகக் கேட்டது.

கம்பி ஆலையின் வாசலில் வெள்ளொளி பகல்போல் கொட்டியது. மாஸ்டர் பேருந்தை ஏறக்குறையக் கதவின்மேலேயே கொண்டுபோய் நிறுத்தினார். மேலே தொங்கிய கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடங்கள் மிச்சமிருந்தன.

"ஓடு மிளகாய்!"

விதோசாவா துணிப்பையை அள்ளிக்கொண்டு குதித்து இறங்கினாள். அவள் நான்கு அடி வைப்பதற்குள் பேருந்தின் சன்னல்களும் கதவுகளும் ஒருசேரத் திறந்தன. ரொட்டி தன் புட்டி நீரை அவள் தடத்தில் ஊற்றினாள். ஆஸ்பத்திரி, மதியம்வரைக்கும் வைத்துக் குடிக்கும் தேநீரைக் குடுவையோடு கவிழ்த்தார். மாஸ்டர் கண்ணாடி துடைக்கும் வாளியைத் தூக்கி வீசினார். பின்னிருக்கைக்காரர், என்னவென்று விளங்காமலே, ஒரு புட்டி மோரை ஊற்றினார். ரயிலடி தன் மேற்சட்டையின் உள்பையிலிருந்து சிறிய தட்டைப் புட்டி ஒன்றை எடுத்து, ஒரு கணம் தயங்கி, கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தார். பிளம் சாராயத்தின் மணம் வாசல் முழுவதும் பரவியது.

"அது இருமல் மருந்துன்னு சொன்னியே கெழவா!"

"மருந்துதான்! இன்னைக்கு அவளுக்கு!"

காவலர் கூண்டிலிருந்து வெளியே பாய்ந்து வந்தார். "யோவ், என்னய்யா இது, ஆலை வாசலா, கல்யாண வீடா? யாரு இதக் கழுவுறது?"

"கழுவித்தான்யா விட்டிருக்கோம்!" என்று சன்னலிலிருந்து பதில் வந்தது.

கதவின் அருகே, நுழைவு அட்டையைச் சரிபார்க்கும் பெட்டியின்முன் ஒரு பெண் நின்றிருந்தாள். விதோசாவாவைவிடச் சற்று இளையவள். மேற்சட்டைக்குள்ளிருந்து அதே நீல மேலங்கி எட்டிப்பார்த்தது. அவள் தன் அட்டையைப் பெட்டியில் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையைக் கையுறையில் துடைத்து மீண்டும் காட்டினாள். மீண்டும் சிவப்பு.

"தள்ளி நில்லும்மா, பின்னால ஆள் இருக்காங்க," என்றார் காவலர்.

"நேத்து வரைக்கும் தொறந்துச்சுங்க."

"நேத்தோட உனக்குச் சோதனை மாசம் முடிஞ்சிருக்கும். அட்டை தொறக்கலன்னா வேலையும் முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"என் ஷூ உள்ள இருக்குங்க. எடுத்துட்டுப் போயிடுறேன்."

"அட்டை இல்லாம உள்ள விட முடியாது. தள்ளு, தள்ளு."

விதோசாவா தன் அட்டையைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவு விலகியது. பின்னால் பேருந்தில் திருவிழாக் கூச்சல் எழுந்தது. ஒலிப்பான் நீளமாக அலறியது. உள்ளே ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சன்னல்தோறும் கைகள் ஆடின. அந்தப் பெண் ஈரமான தரையில் நின்று, தன் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி படியிலிருந்து அவளைக் கைகாட்டி அழைத்ததும், அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பேருந்தை நோக்கி நடந்ததும்தான் கதவு மூடுவதற்குமுன் கடைசியாகத் தெரிந்தன.

உடைமாற்றும் அறையில், துடைப்பத்தோடு நின்ற ஒரு முதியவள் விதோசாவாவுக்குரிய பெட்டியைத் திறந்து காட்டினாள். பெட்டியின் அடித்தட்டில் ஏற்கெனவே ஒரு சோடி வெள்ளைக் காலணி இருந்தது. அடிப்பாகத்தில் விலைச்சீட்டின் பசை இன்னும் மறையவில்லை.

"இது யாரோடதோ இருக்கே," என்றாள் விதோசாவா.

"முன்னால இருந்தவளோடது." முதியவள் அதை எடுத்து, சுவர் அலமாரியைத் திறந்து உள்ளே எறிந்தாள். அலமாரியின் அடித்தட்டு முதல் மேல்தட்டுவரை வெள்ளையாக இருந்தது. "எல்லாம் சோதனை மாசம் முடிஞ்சு போனவங்களோடது. மாசக் கடைசியில குப்பைக்குப் போகும். பாவமாத்தான் இருக்கு. வேணும்னா எடுத்துக்க, குப்பைய எடுத்துட்டுப் போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உன்னோடத மட்டும் வெளிய கொண்டு போயிடாத, அபராதம் போடுவாங்க."

மறுநாள் விடியற்காலை, கலினோவாட்ஸ் நிறுத்தத்தில் பேருந்தின் கதவு திறந்தபோது, "கம்பி வந்தாச்சு!" என்று முழங்கினார்கள். இரவோடிரவாக அவளுக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். ஒருவரும் உறங்கவில்லை. எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் மேற்சட்டையோடு வலம் வந்தாராம். ரயிலடி, தாமதத்துக்குக் காரணம் கேட்ட அதிகாரியிடம், உங்கள் ரயில்களுக்கு என்ன காரணம் சொல்கிறீர்களோ அதையே எனக்கும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாராம். ரொட்டியின் மேலாளர் கத்துவதற்கு வாயைத் திறந்தார், பின்னால் நின்ற புதியவளைப் பார்த்ததும், அந்த வாயாலேயே, "இது யாரு?" என்றார்.

"அந்த சிவப்பு வெளக்குப் பொண்ணு?" என்று விதோசாவா கேட்டாள்.

"ஆமா. எங்க அடுப்படியில பலகை கழுவ ஆள் வேணும்னு மூணு நாளா தேடிக்கிட்டு இருந்தாங்க. கையோட கூட்டிட்டுப் போயிட்டேன். கூலி கம்மிதான். ஆனா எங்க கதவுல பூட்டே சரியா விழாது." ரொட்டி சிரித்தாள். "பாவம், அடுப்படியில போட வேற ஷூ இல்ல அவளுக்கு. ஈரத்துல நிக்கிறா."

விதோசாவா மடியிலிருந்த துணிப்பையைத் திறந்தாள். உள்ளே நான்கைந்து சோடி வெள்ளைக் காலணிகள் இருந்தன. முதல் சோடியை எடுத்து ரொட்டியின் வீங்கிய பாதங்களுக்கு அருகே வைத்தாள். மற்றொன்றை, "இது அவளுக்கு. பெரும்பாலும் அவளோடதாவே இருக்கும்," என்று சொல்லி ரொட்டியின் கையில் கொடுத்தாள்.

ரொட்டி கிழிந்த கம்பளிச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் காலணியில் காலை நுழைத்தாள். எழுந்து நின்று, ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு அடி முன்னும் பின்னும் வைத்தாள். "அடியே, மெத்தை மேல நிக்கிற மாதிரி இருக்கு!"

"டாக்டரம்மா மாதிரி இருக்கீங்க," என்றார் ஆஸ்பத்திரி. "எனக்கெல்லாம் இல்லையா? நாப்பத்தஞ்சு."

"என் பொண்டாட்டிக்கு முப்பத்தேழு!" என்று முன்னாலிருந்து மாஸ்டர் கத்தினார்.

"எனக்கு நாப்பத்தொண்ணு," என்றார் ரயிலடி. "சாராயத்துக்கு ஈடா."

"இருங்க, இருங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றாள் விதோசாவா. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அங்க எல்லா அளவும் இருக்கு."

காலணிகள் இருக்கைக்கு இருக்கை கைமாறிப் போயின. பின்னிருக்கைக்காரர் ஒன்றைக் கூரை விளக்கின் கீழே தூக்கிப் பிடித்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் அழுக்கு ஒட்டவில்லை.

மிளகாய் ஆலையின் நிறுத்தத்தில் மாஸ்டர் பழக்கத்தால் வேகத்தைக் குறைத்தார். பிறகு நினைவு வந்து, தலையில் அடித்துக்கொண்டு, நிற்காமல் போனார். கம்பிக்குப் பின்னால் நாய் பேருந்தோடு கூடவே ஓடி வந்தது.

"உனக்கு என்ன அளவு?" என்று ரொட்டி, புதிய காலணியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"முப்பத்தெட்டு."

"அட, இதுவும் முப்பத்தெட்டுதான். உன்னோடது எங்க?"

"உள்ள இருக்கு," என்றாள் விதோசாவா.

அவளுடைய கை மேற்சட்டைப் பைக்குள் போய், அட்டை அங்கே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.